கற்றாழை வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு கல்

என் உயிரான அம்மாவுக்கு,

பேரிகை நிலத்தைப் போன சனிக்கிழமை சுத்தம் செய்தாயிற்று. நீ கண்ணை மூடிய பிறகு, இந்த இரண்டு வருஷத்தில் உண்ணிச்செடி தலைக்கு மேல் வளர்ந்து, ஆள் நுழைய முடியாத காடாகக் கிடந்தது. ஜேசிபி அனுப்பியது உன் தம்பி. நான் கேட்கவில்லை. என் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

"ஏம் பாப்பா, எங்க தோட்டத்துக்கு வண்டி வருது. உங்க காட்டையும் அப்படியே தள்ளச் சொல்றன். நீ என்னாத்துக்கு ஓசூர்ல இருந்து அலையற?" என்றார் போனில்.

பக்கத்து நிலத்துக்காரராக முப்பது வருஷம் இருந்தும், நம் பயிருக்கு ஒரு நாள் தண்ணீர் விடாத மனிதர். அவருக்கு இப்போது என்ன அக்கறை? சுற்றிலும் மனை போடுகிறார்கள். கம்பெனிகளுக்கு இடம் கேட்டுப் புரோக்கர்கள் வருகிறார்கள். நான் இல்லாத நேரத்தில் எல்லைக் கல்லைப் பிடுங்கிவிட்டால் யாரிடம் போய் நிற்பேன்?

லீவு சொல்லிவிட்டு, காலை ஏழரைக்கெல்லாம் போய் நின்றுவிட்டேன். மாமா வந்து பார்த்தார்.

"என்னா, காவலா?"

"வேடிக்கை பாக்க வந்தன் மாமா."

"உங்கம்மா மாதிரியே பேசற. அவளும் இப்டிதான், கையக் கட்டிக்கினு நிப்பா."

சிரித்துவிட்டு, சூளகிரியில் கல்யாணம் என்று போய்விட்டார். அவர் போனதும் எனக்குச் சந்தேகம் கூடியது. டிரைவரிடம் எல்லாம் சொல்லி வைத்திருப்பாரோ?

டிரைவர் மாலூர்ப் பக்கத்து ஆள். பாதி கன்னடம், பாதி தமிழ். பக்கெட்டைத் தரையோடு தாழ்த்திப் புதரை வேரோடு வழித்துக் குவித்தார். மாமா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"என்ன சொல்வாரு அக்கா? பாம்பு இருக்கும், வண்டிக் கதவ சாத்திக்கோன்னாரு."

அதையும் நான் நம்பவில்லை.

மதியத்துக்கு மேல் சாலையோர மூலைக்கு வந்தார். அந்தப் பக்கம் நமக்கும் மாமாவுக்கும் நடுவில் கற்றாழை வேலி. திடீரென்று எஞ்சினைத் தணித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"அக்கா, இல்லி, இங்க ஒரு கல்லு. சர்வே கல்லு மாதிரி இருக்குது. பெயர்த்துப் போட்டுடட்டா?"

ஓடிப் போய்ப் பார்த்தேன். சர்வே கல்தான். வேலியிலிருந்து பன்னிரண்டு தப்படி உள்ளே, நம் பக்கம். மாமா கொண்டுவந்து நட்டிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து மண்ணைத் தள்ளினேன். கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு வேர் கல்லைச் சுற்றி இறுக்கியிருந்தது. அது நேற்று நட்ட கல் இல்லை அம்மா.

கல் சரியென்றால், வேலிதான் தப்பான இடத்தில் நிற்கிறது.

வருஷாவருஷம் மழைக்கு முன் நம் பக்கம் முளைத்த கற்றாழைக் குட்டிகளை நீ கடப்பாரையால் தோண்டி எறிவாய். மாமா பக்கம் முளைத்ததைத் தொடமாட்டாய். "அது அவன் பாடு" என்பாய். நானும் கூட நின்று தோண்டியிருக்கிறேன். தாய்ச்செடி பூத்துப் பட்டுப்போகும்; அந்தப் பக்கத்துக் குட்டிகள் வளர்ந்து வேலியாகிவிடும். இப்படியே வருஷத்துக்கு ஒரு அடி அந்த வேலி அவர் நிலத்துக்குள் நகர்ந்ததா? உனக்குத் தெரியாமல் நகர்ந்ததா, நீ நகர்த்தினாயா? அந்த மூலையில் மட்டும் புதரை வெட்ட விட்டதே இல்லையே. புற்று இருக்கிறது என்றாய். புற்று எதுவும் இல்லை அம்மா.

நம் நிலம் சாலையைத் தொடுவது அந்தப் பன்னிரண்டு தப்படியில் மட்டும்தான். அது போனால், மாமாவின் நிலத்தை மிதிக்காமல் உள்ளே போக வழி கிடையாது. வாடகை வீட்டை விட்டு அங்கே ஒரு வீடு கட்டிக்கொண்டு போகலாம் என்று நான் நினைத்திருந்ததும் போய்விடும்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கெட்டை ஒரு முறை தூக்கினால் போதும். பார்க்க யாரும் இல்லை.

"அந்த மூலைய அப்படியே விட்டுடுங்க. புத்து இருக்குது" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரி அக்கா. மேல கொஞ்சம் செடி தள்ளி மூடிடட்டா?"

நான் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் மூடிவிட்டார்.

சாயங்காலம் மாமா போன் செய்தார். "மூலையெல்லாம் முடிஞ்சுதா பாப்பா?"

"முடிஞ்சுது மாமா."

"கல்லு கில்லு ஏதாச்சும் தெம்பட்டுச்சா?"

"இல்லயே."

"சரி, வுடு" என்றார்.

அவருக்குத் தெரியுமா? தெரிந்தே இத்தனை வருஷம் அக்காவிடம் கேட்காமல் இருந்தாரா? இல்லை, நான் என்ன செய்கிறேன் என்று பார்க்கத்தான் வண்டியை அனுப்பினாரா? ஒரு வாரமாக அவரைச் சந்தேகப்படுகிறேன், உன்னைச் சந்தேகப்படுகிறேன். கல்லை மூட விட்டுவிட்டு நின்ற என்னைச் சந்தேகப்பட வேண்டிய அவசியம் இல்லை. என்னைப் பற்றி எனக்குத் தெரிந்துவிட்டது.

வரும் ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் கூட்டிக்கொண்டு போய், செடியை விலக்கிக் கல்லைக் காட்டுகிறேன். பொய் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். நிலத்தை அளக்கச் சொல்லி நானே மனு எழுதுகிறேன். உள்ளே போக ஒரு வழி விடும்படி கேட்பேன், விடுவாரா, தெரியாது. இவள் எதற்காக இதைக் காட்டுகிறாள் என்று அவர் யோசிப்பார். யோசிக்கட்டும். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

"உங்கம்மாவுக்கு இது தெரியுமா?" என்று அவர் கேட்டால் மட்டும், தெரியாது மாமா என்பேன். உனக்குத் தெரியாது என்று அவர் எடுத்துக்கொள்ளலாம். எனக்குத் தெரியாது என்பதுதான் நிஜம்.

உன் வயிற்றில் பிறந்த,
மூத்தவள்