ஆடி மாதம் போட்ட டிக்குகள்

அம்மா,

இன்று காலை சேக்காட்டில் நம் வீட்டு வாசலில் வளையல்காரர் வண்டியை நிறுத்தி, "உங்கம்மா கைக்கு ஏத்த பெரிய அளவு வந்துகீது, எடுத்துக்கிறியா பாப்பா?" என்றார். நீ போனது அவருக்குத் தெரியாது. தலையாட்டி மறுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

வளையல் ஏறாமல் போனதில்தான் உன் நோயே தெரிந்தது. பிறகு மெட்டியை அறுத்தெடுத்தார்கள், தாடை நீண்டது. மூளைக்கடியில் கட்டி, அதனால் வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அதைக் குறைக்க, டோபமின் என்ற மூளை ரசாயனம் போல வேலை செய்யும் மாத்திரையை உன்னைப் போன்றவர்களுக்குக் கொடுத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். உன்னைக் கூட்டிப்போக நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். நீ மாத்திரை போட்டதும் நோட்டில் டிக் அடிப்பது என் வேலை.

வெறும் வயிற்றில் போட்டால் வாந்தி, தலைசுற்றல். ஆடி பிறந்ததும், முகம் பழையபடி ஆகவேண்டும் என்று மாதம் முழுக்க அம்மனுக்கு விரதம் இருந்தாய். "மாத்திரைய ஆவணில பாத்துக்கலாம். நீ டிக்கு போட்டுகினே இரு. டாக்டரு மனசு நோவக்கூடாது" என்றாய். போட்டேன்.

மாதக் கடைசியில் ரத்தம் எடுத்தார்கள். மறுவாரம் ரயிலில் போகும்போதே எச்சரித்தாய்: "வாயத் தொறந்த, நம்பள ஆராய்ச்சிலேர்ந்து தொரத்திடுவாங்க. அப்புறம் மாத்திரைக்கு எங்க போறது?"

டாக்டர் நோட்டையும் ரிப்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு நாள் விடாம போட்டிருக்கீங்க. ஆனா ஹார்மோன் ஏறியிருக்கு. மருந்து உங்களுக்குக் கேக்கலை. ஆபரேஷனுக்கு எழுதிடறேன்."

கத்தி என்றாலே உனக்கு நடுக்கம். ஆனாலும் மேசைக்கடியில் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாய், பேசாதே என்று. அவர் பேனா தாளில் ஓடத் தொடங்கியது.

"அந்த டிக்கு பொய்யி சார். ஆடி மாசம் அம்மா போடல."

பேனா நின்றது. "டிக் போட்டது யாரு?"

"நான்தான்."

"இந்த மருந்து சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கறதில்லை. யாருக்குன்னுதான் தேடிட்டிருக்கோம். உன் டிக்கை நம்பித் தப்பா எழுதியிருப்பேனேம்மா." அந்த மாதத்தைக் குறுக்கே அடித்தார். அரை மாத்திரையிலிருந்து மறுபடி தொடங்கச் சொன்னார்.

திரும்பும்போது ரயில் அம்பத்தூரைத் தாண்டியது. பிறகு, "ஊட்ல தொறக்காத வாயி, அங்க மட்டும் தொறக்குதா?" என்றாய். கோபமா சிரிப்பா என்று புரியவில்லை.

மருந்து உனக்குக் கேட்டது. தலைவலி விட்டது, வியர்வை குறைந்தது. ஆனால் அதற்குள் அந்த ஹார்மோனால் உன் இதயம் பழுதாகியிருந்தது.

கடைசியாக வார்டில் சேர்த்த அன்று, நீ மாத்திரையை ஒழுங்காகப் போட்டாயா என்று நர்ஸ் என்னிடம் கேட்டார். "இந்த மாசம் நாலு நாளு வுட்டுப்போச்சு" என்றேன். நீ கண்ணைத் திறக்காமலே சொன்னாய்:

"அஞ்சு நாளு."

அந்த ஐந்தாவது நாள் எது என்று நோட்டில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன், அம்மா.