தலைகீழாய்க் கிடந்த ஆறு

மார்ச் 4

இன்றும் கிடங்கில் கோர் பெட்டிகளோடுதான் பொழுது போனது. கோர் என்றால், இருபது வருடத்துக்கு முன் தோண்டிய எண்ணெய்க் கிணற்றிலிருந்து உருளையாக வெட்டியெடுத்த மணற்கல். எண்ணெய்க் கறை உண்டு. ஆனால் மணல் அடுக்கு மெல்லிசு, கிணறு கைவிட்டது. இனி ஒரே ஒரு கிணற்றுக்குத்தான் அனுமதி. அதுவும் வறண்டால் எங்கள் குழு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அடியில் பொடிமணல், மேலே போகப் போகப் பருமணல். கடற்கரையில் அப்படித்தான் படியும் என்கிறார் மேலாளர். கடற்கரை என்றால் மணல் பாய் விரித்தாற்போல் வடக்கே பரந்திருக்கும், அங்கே தோண்டலாம். சரி. ஆனால் நிலத்தடியைக் காட்டும் அதிர்வலைப் படத்தில் மேற்கே ஒரு வளைவு தெரிகிறதே, அது என்ன?

மார்ச் 6

கல்லை நக்கிப் பார்த்தேன். ஈரம் பட்டால் மணல் மணி மணியாகத் தெரியும். வீட்டில் போய்ச் சொன்னதுதான் தப்பு. "என் சமையல்ல உப்பு சரியான்னு கேட்டா மட்டும் பதில் வராது" என்கிறார் கணவர்.

மார்ச் 7

ஒரு சிப்பித் துண்டுகூட இல்லை. கடற்கரையாம்!

மார்ச் 11

தூக்கிவாரிப் போட்டது. ஓடும் நீர் மணலைச் சாய்ந்த வரிகளாகப் போடும். அடுத்த வெள்ளம் அந்த வரிகளின் தலையைச் சீவிவிட்டுப் போகும். தலையைத்தான் சீவ முடியும், அடியை எப்படிச் சீவும்? இந்தக் கல்லில் அடி சீவப்பட்டிருக்கிறது. அப்படியானால் — கல்லே தலைகீழாகக் கிடக்கிறதா?

கிடங்குக்காரரைக் கேட்டேன். "பழைய மரப்பெட்டி உளுத்துப் போச்சும்மா, புதுசுக்கு மாத்தினோம்." எந்த முனை மேலே என்று பார்த்து மாற்றினீர்களா? தலையைச் சொறிந்தார்.

திருப்பி வைத்துப் பார்த்தால் அடியில் கூழாங்கல், பிறகு பருமணல், பொடிமணல், உச்சியில் களிமண். ஆறேதான்! பள்ளத்தாக்கை வெட்டிக்கொண்டு ஓடி, பிறகு அதைத் தானே மணலால் நிரப்பிப் புதைந்துபோன ஆறு. அந்த வளைவு அதுதான். வடக்கே தோண்டினால் வெறும் களிமண்.

மார்ச் 12

மேலாளரிடம் சொன்னேன். "நான் எத்தனை கல்லு பாத்திருக்கேன் தெரியுமா? துளை போடுற ரிக் வடக்க கிளம்பியாச்சும்மா!"

"ஒரே ஒரு தடவை வந்து பாருங்க சார்."

வரவில்லை. அழுகையே வந்துவிட்டது. வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமோ? இருக்க முடியலையே, என்ன பண்றது?

மார்ச் 13

வந்தார். லென்ஸை வைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது காது சிவந்திருந்தது. "உன்னை நம்பலை, கல்லை நம்பறேன்" என்றார். ரிக்கை மேற்கே திருப்பச் சொல்லிவிட்டார்.

ஜூன் 2

துளை இறங்குகிறது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஜூன் 19

வளைவிலிருந்து முதல் கோர் மேலே வந்தது. இந்தத் தடவை மேல்பக்கம் எதுவென்று அம்பு போட மேலாளரே மார்க்கரோடு நின்றார். துணியால் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். மை ஒட்டவில்லை. கல்லிலிருந்து எண்ணெய் கசிந்துகொண்டே இருந்தது.