கூப்பிட்டபோதெல்லாம்

பாப்பா,

உனக்குக் குழந்தை பிறந்திருக்குன்னு உன் சித்தி சொல்லித்தான் தெரியும். நான் நல்லா இருக்கேன்.

ஆபீஸ்ல ஒரு கூத்து. பூஜ்யமும் ஒண்ணுமா முடிவில்லாம ஓடுற ஒரு வரிசை. "இதுல ஒரே துண்டு அடுத்தடுத்து மூணு தடவை வந்தா, அதோட நீளம் இரட்டைப்படை"ன்னு எழுதி, தேற்றங்களை நிரூபிக்கிற புரோகிராம்கிட்ட கொடுத்தேன். கண்ணிமைக்கிற நேரத்துல 'உண்மை'ன்னுது. எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். கூட வேலை பார்க்கிற ஒரு அம்மா டீயைக் குடிச்சு முடிச்சுட்டுத்தான் சொன்னாங்க: "சார், அதுல எந்தத் துண்டும் அப்படி மூணு தடவை வரவே வராது. வராத ஒண்ணைப் பத்தி ஒற்றைப்படைன்னு கேட்டிருந்தாலும் உண்மைன்னுதான் சொல்லியிருக்கும்."

"குழந்தையைப் போய்ப் பார்க்கலையா?"ன்னு சித்தி கேட்டா. "அவ கூப்பிட்டு நான் போகாம இருந்திருக்கேனா?"ன்னு எரிஞ்சு விழுந்தேன்.

உண்மைதான் பாப்பா. நீ கூப்பிட்டதே இல்லையே.

போனைக் கையிலேயே வெச்சிருக்கும்,
உன் அப்பா