அதே சாலையில் உங்கள் மகள்

மைனி,

போன மாதம் உங்கள் மகள் கையில் வளையல் ஏறவில்லை.

வளைகாப்புக்காக ஒரு வாரம் முன்னால் அம்பாசமுத்திரம் கடைத்தெருவுக்கு அவளையே கூட்டிக்கொண்டு போய், போட்டுப் பார்த்து வாங்கிய கண்ணாடி வளையல்கள். அன்றைக்குத் தாராளமாக ஏறி இறங்கின. விசேஷத்தன்று நம் வீட்டில் வைத்து முதல் வளையலே விரல் முட்டியில் நின்றுவிட்டது. எண்ணெய் தடவி அழுத்தினார்கள். உடைந்தது. பிறகு அவள் மாமியார்தான், "திருஷ்டி கழிஞ்சிட்டுன்னு நெனச்சிக்கிடுங்க. புள்ளத்தாச்சிக்குக் கை கால் வீங்கத்தான செய்யும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரைத்த சந்தனத்தின் வாசனைக்கு நடுவில் நான் உங்கள் மகள் உலகம்மையின் கையைப் பார்க்கவில்லை. உங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கையிலிருந்து கல்யாண மோதிரத்தைக் கழற்ற நாம் இருவரும் பட்ட பாடு நினைவிருக்கிறதா? உங்களுக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில். அடிபம்பு பக்கத்தில் உட்கார்ந்து, விரலில் சோப்பு போட்டு, நான் இழுக்க நீங்கள் இழுக்க, கடைசியில் மோதிரம் தெறித்துப் போய் வாளிக்குள் விழுந்தது. "உங்க அண்ணன் போட்டது, லேசுல விடமாட்டேங்கு பாத்தியா" என்று சொல்லிச் சிரித்தீர்கள். விரலில் மோதிரம் இருந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. சாயங்காலம் வரைக்கும் அந்தப் பள்ளம் மேடேறவில்லை.

நான் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு மில்லில் ஷிப்ட் வேலை. நீங்கள் கல்லிடைக்குறிச்சியிலிருந்து எங்கள் விக்கிரமசிங்கபுரத்துக்கு வாக்கப்பட்டு வந்து, தெருவில் எல்லோரையும் நாலே மாதத்தில் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருந்தீர்கள். யாருக்கும் பயப்பட மாட்டீர்கள். ரேஷன் கடையில் எடை குறைந்தால் எங்கள் அம்மாவுக்கும் சேர்த்து நீங்கள்தான் கேட்பீர்கள். ஒருமுறை பஸ்ஸில் கூடைக்காரப் பெண் இறங்கி முடிப்பதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டான். "அவிய என்ன மூட்டையா அண்ணாச்சி, உருட்டி விடதுக்கு?" என்று நீங்கள் கேட்டதில் பஸ்ஸே சிரித்தது. அப்படிப்பட்ட நீங்கள் உங்கள் உடம்பு என்று வந்தால் மட்டும் குரலைத் தாழ்த்திவிடுவீர்கள். "பொறுத்துக்கிடலாம்ட்டீ. இதுக்குப் போயி யாரு ஆஸ்பத்திரிக்கு அலையது?"

ஆனாலும் அலையத்தான் செய்தீர்கள். அதை இன்றைக்கும் யாராவது "அவ ஒழுங்கா செக்கப்புக்குப் போயிருந்தா" என்று ஆரம்பித்தால் நான் விடுவதில்லை. இரண்டு தடவை துணை சுகாதார நிலையத்துக்கு நடந்து போனீர்கள். இருந்த நர்சம்மாவை மாற்றிவிட்டிருந்தார்கள். புது ஆள் வரவில்லை. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தீர்கள். தலைவலி என்று சொன்னீர்கள். அம்மா தைலம் தேய்த்துவிட்டாள். "கண்ணுக்கு முன்னால மின்மினி பறக்குட்டீ, பட்டப்பகல்ல" என்று என்னிடம் வேடிக்கை போலச் சொன்னீர்கள். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு என்ன அர்த்தம் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது.

உலகம்மைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருக்கும்போதுதான் விழுந்தீர்கள். உடம்பு வில்லாக வளைந்தது, வாயில் நுரை. யாரோ ஓடிவந்து உங்கள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். யாரோ கோயிலுக்குத் திருநீறு வாங்க ஓடினார்கள். "உச்சிப் பொழுதுல ஆத்துக்குப் போனாளா?" என்று ஒரு பெண் அம்மாவைக் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. அண்ணனைக் கூப்பிட மில்லுக்கு ஆள் போய், அவன் பஞ்சு ஒட்டிய சட்டையோடு வந்து, வேன் பிடித்து நாங்கள் புறப்பட்டபோது வெயில் ஏறிவிட்டது. அம்பாசமுத்திரத்தில் பார்த்தவுடனேயே, "இங்கன வச்சுப் பாக்க முடியாது, நேரா திருநெல்வேலிக்குப் போங்க" என்றுவிட்டார்கள்.

ஆற்றுப்பாலம் தாண்டி கல்லிடைக்குறிச்சி வந்தது. உங்கள் அம்மா வீட்டுக்குத் திரும்புகிற முக்கில் டிரைவர், "வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவமா?" என்று கேட்டார். அண்ணன் அந்தத் தெருவையும் பார்த்தான், உங்களையும் பார்த்தான். "நிக்க வேண்டாம் அண்ணாச்சி" என்றான். உங்கள் பாதங்கள் என் மடியில் இருந்தன. சேரன்மகாதேவி தாண்டும்போது மறுபடியும் ஒருமுறை வலிப்பு வெட்டியது. அதற்குப் பிறகு அவை அசையவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வயதான டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "பிரசவ ஜன்னிம்மா. ரத்தக் கொதிப்பு ஏறினா வரும். கை வீக்கம், தலைவலி, கண் மங்கல் எல்லாம் அது முன்னாலயே சொல்லி அனுப்புத தாக்கல்தான். அப்பவே கொண்டு வந்திருந்தா தாயையாவது காப்பாத்தியிருக்கலாம்." பையன் பிறக்கும்போதே அழவில்லை. நீங்கள் அவனைப் பார்க்கவும் இல்லை.

அதற்கப்புறம் அண்ணன் அந்த நாளைப் பற்றி வாய் திறந்ததே கிடையாது. திருநெல்வேலிக்குப் போகவேண்டும் என்றால் முக்கூடல் வழியாகச் சுற்றித்தான் போவான். ஏன் என்று நாங்களும் கேட்டதில்லை. உலகம்மை என் முந்தானையைப் பிடித்தபடியே வளர்ந்தாள். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலைக்குச் சேர்ந்தேன். அவளை நர்சரியில் விட்டதும், வயதுக்கு வந்தபோது தண்ணீர் ஊற்றியதும், வீரவநல்லூரில் கட்டிக்கொடுத்ததும் எல்லாம் நான்தான். முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்குத் தெருவே சந்தோஷப்பட்டது. நான் மறுநாளே அந்த ஊர் நர்சம்மாவைப் பார்த்து, அவள் அம்மாவுக்கு என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவரும் மாதாமாதம் கருத்தாகப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு அவருக்கும் மாற்றல் வந்துவிட்டது. வளைகாப்பு முடிந்த பிறகு தனியாரில் காட்டிக்கொள்ளலாம் என்று அவள் மாமியார் வீட்டில் சொன்னார்கள். இத்தனை வருஷம் கழித்தும் அதே பூட்டிய கதவு, மைனி.

அதனால்தான் வளையல் உடைந்ததும் நான் அவள் பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டேன். "தல வலிக்கா?"

"காலையிலேருந்தே கனமா இருக்கு அத்தை. வெளிச்சத்தப் பாத்தா கண்ணு கூசுது. விசேஷ வீட்டுல எதுக்குச் சொல்லணும்னு..."

நான் எழுந்து நின்றேன். "வளைகாப்ப நிறுத்துங்க. இவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போணும்."

அவள் மாமியார் திகைத்துப்போனார். கெட்டவர் இல்லை. "என்ன சம்பந்தி, பாதியில எந்திரிச்சா நல்லாவா இருக்கும்? புளிச்சோறு, தயிர்ச்சோறு எல்லாம் கிண்டி வச்சிருக்கு. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் பைய போனா என்ன? எனக்கும் தலவலி வந்துச்சு, நாலு பெத்தேன்."

பெரியவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். நல்ல நேரம் தாண்டிவிடும் என்றார்கள். எனக்கு எப்போதுமே பயந்த சுபாவம் என்றார்கள். என் குரல் எடுபடவில்லை. அப்போது வாசல் பக்கம் ஆண்களோடு உட்கார்ந்திருந்த அண்ணன் உள்ளே வந்தான். மகளுடைய கையை எடுத்து, தன் கட்டைவிரலால் அழுத்தினான். விழுந்த பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு சம்பந்தியம்மாவிடம், "சோறு கெடக்கட்டும் தாயி. இவ அம்மைக்கும் கை இப்படித்தான் இருந்துச்சு" என்றான். அத்தனை வருஷத்தில் உங்களைப் பற்றி அவன் சபையில் சொன்ன ஒரே வாக்கியம் அது. அதற்குமேல் யாரும் தடுக்கவில்லை. சம்பந்தியம்மாவே போய் அவளுடைய செருப்பை எடுத்து வந்து காலடியில் வைத்தார்.

அம்பாசமுத்திரத்தில் நர்ஸ் ஒருமுறை பிரஷர் பார்த்தார். மறு கையில் பார்த்தார். பிறகு டாக்டரைக் கூப்பிட வேகமாகப் போனார். அந்த வேகத்திலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஊசி போட்டார்கள், ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். கூட வந்த பெண் ஜன்னலை மறைத்துவிட்டு, "சத்தமா பேசாதீங்க, வெளிச்சம் படவேண்டாம்" என்றார். பாலம் ஏறி இறங்கியது தெரிந்தது. கல்லிடைக்குறிச்சி. முன் சீட்டில் அண்ணன் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உலகம்மை கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"அம்மாவும் இந்த ரோட்டுலதான் போனாளா அத்தை?"

இத்தனை வயதுவரை அவள் கேட்காத கேள்வி. பொய் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. "ஆமா" என்றேன்.

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்குந்தாம்ட்டீ. ஆனா அன்னைக்கு நேரம் போயிட்டு. இன்னைக்குப் போகல. உனக்கு ஊசி போட்டாச்சு, அங்கன ஆள் காத்துக்கிட்டு இருக்கு."

என் கை அவள் பாதத்தில் இருந்தது. சேரன்மகாதேவி வரும்வரை, தாண்டும்வரை, தாண்டிய பிறகும், அந்தப் பாதம் அசைகிறதா என்று கட்டைவிரலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கூசுகிறது என்று ஒருமுறை காலை இழுத்துக்கொண்டாள். அதைப் போல ஒரு நிம்மதியை நான் அறிந்ததில்லை.

அன்று மதியமே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம் போல இருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். இல்லையாம், அதற்குப் பிறகும் ஜன்னி வரலாமாம். உலகம்மையின் பிரஷர் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. உள்ளேயிருந்து யாராவது வேகமாக வெளியே வந்தால் நானும் அண்ணனும் ஒரே சமயத்தில் எழுந்து நிற்போம். எங்களைத் தாண்டிப் போனதும் உட்காருவோம். எங்களுக்கு எதிர் பெஞ்சில் மலையடிவாரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அவர்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லை. வண்டி கிடைத்து வந்து சேர நேரமாகிவிட்டதாம். ஒருநாள் காலையில் அந்த பெஞ்ச் காலியாக இருந்தது. பக்கத்தில் கேட்டதற்கு, "உசுரு போயிட்டு" என்று மட்டும் சொன்னார்கள். பிரசவ மரணம் கூடுகிறது, குறைகிறது என்று பேப்பரில் ஏதேதோ கணக்குப் போடுகிறார்கள். எனக்கு அந்தக் காலி பெஞ்சைத்தான் தெரியும்.

உங்கள் மகள் வீடு வந்துவிட்டாள், மைனி. பேத்திக்கு எடை ஏறுகிறது, பசித்தால் தெருமுனை வரைக்கும் கேட்க அழுகிறாள். அண்ணன் ஒரு பிரஷர் மிஷின் வாங்கி, அதை உபயோகிக்கக் கற்றுக்கொண்டு, காலையும் மாலையும் மகளுக்குப் பார்க்கிறான். எண் சரியாக இருந்தாலும் அவன் முகம் சட்டென்று தெளிவதில்லை. எனக்கும் அப்படித்தான். நடுவில் தூக்கம் கலைந்தால் எழுந்துபோய் அவள் மூச்சைக் கவனிக்கிறேன். இது இனிமேல் என்னைவிட்டுப் போகாது என்று நினைக்கிறேன்.

நேற்று வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு பெண் எனக்கு முன் சீட்டில் இருந்தாள். நிறைமாசம். தலையைக் கம்பியில் சாய்த்து, கண்ணை மூடியிருந்தாள். தாய் வீட்டுக்குத் தனியாகப் போகிறாள் போல, பக்கத்தில் ஒரு பை. நான் தோளைத் தொட்டு, தலை வலிக்கிறதா என்று கேட்டேன்.

"ரெண்டு நாளா வலிக்கத்தான் செய்யுதுக்கா" என்றாள். "வீட்டுக்குப் போயிப் படுத்தா சரியாயிரும்."

என் பள்ளிக்கூட நிறுத்தம் போய்விட்டது. அம்பாசமுத்திரத்தில் அவளுடைய பையை நான் தூக்கிக்கொள்ள, இருவரும் ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். பிரஷர் பார்த்தார்கள். சரியாகத்தான் இருந்தது. காலையில் சாப்பிடாமல் வெயிலில் வந்ததுதான் காரணம் என்றார்கள். அவள் வருவதற்கு நேரமாகிறதே என்று அவளுடைய அம்மா போனில் கத்தியது எனக்கே கேட்டது. "யாருளா அவ, ஊர்ல போற வர்ற புள்ளத்தாச்சியையெல்லாம் பயங்காட்டிக்கிட்டு?" என் வேலையிலும் அரைநாள் லீவு போய்விட்டது.

திட்டட்டும் மைனி. நாளைக்கும் நான் அந்த பஸ்ஸில்தான் போகிறேன்.