சிவப்புக் காரின் ஒரு சுற்று

உன் முப்பதாம் நாள் பூசையில் நான் குறட்டை விட்டேன். சாமியார் உன் நற்குணங்களைச் சொல்ல ஆரம்பித்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. கோயிலுக்குப் பின்னால் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார்கள். என்ஜின் சத்தம் எனக்குத் தாலாட்டு என்பது உனக்குத் தெரியாததா? செஞ்சி பஸ் ஸ்டாண்டில் டிரைவர் வண்டியைக் கிளப்பினாலே என் தலை பக்கத்து ஆளின் தோளுக்குப் போய்விடும். உன் தம்பி முழங்கையால் குத்தி எழுப்பியபோது எல்லோரும் 'ஆமென்' சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும், "திண்டிவனம் வந்துட்டுதா?" என்று கேட்டேன்.

பூசை முடிந்து வீட்டுக்குப் போனால், உன் மனைவி ஒரு பரீட்சை அட்டையைக் கொண்டுவந்து நீட்டினார்.

"ண்ணா, இது உங்களுக்காம். அவரு போனப்புறம்தான் குடுக்கணும்னு சொல்லி வெச்சிருந்தாரு."

நீ பந்தயத்துக்குக் கொண்டுவரும், கிளிப் துருப்பிடித்த அதே அட்டை. அதில் பழுத்துப்போன ஒரு கார்பன் நகல். பெட்ரோல் வாசனை வருமென்று மூக்கருகே கொண்டுபோனேன். பாச்சா உருண்டை வாசனைதான் வந்தது. ஆனாலும் அந்தப் பந்தய மத்தியானம் முழுவதும் காதில் இரைந்தது.

சீசனின் கடைசி நாள் நடக்கும் ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்தின் வரலாற்றை நான் பத்திரிகையில் பலமுறை எழுதிப் பிழைத்திருக்கிறேன். யுத்த காலத்தில் விமானம் இறங்கப் போட்டு, பிறகு யாரும் சீந்தாமல் விட்ட ஓடுதளத்தில் அது நடந்தது. கார்களும் அப்படித்தான். ஒன்றின் என்ஜின், இன்னொன்றின் சக்கரம், மற்றதெல்லாம் தகரம் தட்டியவரின் கற்பனை. வளைவுகளில் தடுப்புக்கு வைக்கோல் கட்டுகள். அது அனந்தபுரத்து வைக்கோல், உன் நைனா லாரியில் ஏற்றி அனுப்பியது. "எப்பேர்ப்பட்ட சாம்பியனும் நம்மூரு வைக்கல்லதான்டா வந்து முட்டணும்" என்று நீ காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வாய். அந்த வைக்கோல் செல்வாக்கில்தான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நம் இருவருக்கும் எண்ணும் மேஜையில் இடம் கிடைத்தது.

அப்போது சுற்றுகளை மனிதர்கள்தான் எண்ணுவார்கள். ஒரு காருக்கு இரண்டு பேர். கார் கோட்டைத் தாண்டியதும் கார்பன் வைத்த தாளில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கடிகார நேரத்தையும் எழுத வேண்டும். நமக்குக் கொடுத்தது சிவப்புக் கார். முப்பது சுற்று. சுற்றுக்கு இரண்டு நிமிஷம். நீ ஊரிலிருந்தே பரீட்சை அட்டையும் சீவிய பென்சிலும் கொண்டுவந்திருந்தாய். பரீட்சைக்குக்கூட நீ இவ்வளவு அக்கறையாகப் போனதில்லை. வருஷா வருஷம் அந்த மேஜையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் உன் ஆசை.

பாதிப் பந்தயத்தில் நீ எழுந்தாய்.

"டீ சொல்லிட்டு வந்துடறேன். சேப்பு வண்டி மேல கண்ணு வை. இன்னா, தூங்கிடப் போற!"

"போடா, இந்தச் சத்தத்துல எவனாவது தூங்குவானா?"

நான் தூங்கினேன். பத்து என்ஜின்கள் சேர்ந்து தாலாட்டினால் நான் என்ன செய்வேன்? விழித்தபோது பென்சில் உன் கையில் இருந்தது. எதையோ மென்றுகொண்டே கோடு போட்டுக்கொண்டிருந்தாய்.

"எத்தினி வுட்ட?"

"ஒண்ணும் வுடல" என்றேன். எனக்கெப்படித் தெரியும்?

சிவப்புக் கார்தான் முதலில் வந்தது. ஆனால் மேஜைக் கணக்கில் பின்னால் வந்த வெள்ளைக் காருக்கு முப்பது, சிவப்புக்கு இருபத்தொன்பது. சிவப்புக் காரின் ஆட்கள் கத்திப் பார்த்தார்கள். மேஜைத் தாள்தான் முடிவு என்று பந்தயம் நடத்தியவர்கள் சொல்லிவிட்டார்கள். யாரும் நேரத்தைப் பார்க்கவில்லை, கோடுகளை மட்டும் எண்ணினார்கள். கோப்பை வெள்ளைக்குப் போனது.

சிவப்புக் காரை ஓட்டியவர் முகமெல்லாம் கரியோடு நம்மிடம் வந்தார். "என் வண்டிய எண்ணுனது யாருங்க?" நான் அந்த நேரம் பார்த்து ஷூ லேஸ் கட்டக் குனிந்தேன். போட்டிருந்தது ரப்பர் செருப்பு. நீ எழுந்து நின்றாய்.

"நாந்தாங்க."

"நாலு வருஷமா கட்டுன வண்டி தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த சீசனில் அவரைக் காணோம். உன்னையும் மேஜைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

அன்று அமாவாசை. திண்டிவனத்திலிருந்து வந்த பஸ்ஸில் மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகும் கூட்டம். ஒரே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தோம். "டேய், என்னாலதான்" என்று ஆரம்பித்தேன். "வுடுடா" என்றாய், என் முகத்தைப் பார்க்காமல்.

பிறகு பந்தயம் புதிய தடத்துக்குப் போனது. வைக்கோல் போய் டயர் அடுக்கு வந்தது. எல்லாம் ஒரே அச்சில் வார்த்த கார்கள். இப்போது காரின் அடியில் பொட்டு மாதிரி ஒன்றை ஒட்டிவிடுகிறார்கள், கணினி எண்ணிக்கொள்கிறது. அது டீ குடிக்கப் போவதில்லை. நீ மட்டும் வருஷா வருஷம் கேலரியில் அதே அட்டையோடு உட்கார்ந்து, ஏதாவது ஒரு காரை யாருக்கும் தேவைப்படாமல் எண்ணிக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து உனக்கு மட்டன் பிரியாணி வாங்கித் தந்தேன். குற்ற உணர்ச்சிக்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து அதுதான். இரண்டாவது பொட்டலத்தை நீட்டினாலும் நீ வேண்டாம் என்றதில்லை.

ஆனால் எழுதும்போது நான் யோக்கியனாக இருந்தேனா? 'செஞ்சியிலிருந்து வந்த ஒருவர் எண்ணத் தெரியாமல் எண்ணினார்' என்று எழுதிச் சிரிக்கவைத்தேன். அதைப் படித்துவிட்டு டீக்கடையில் உனக்கு 'இருபத்தொம்போது' என்று பேர் வைத்தார்கள். "இருபத்தொம்போது, இன்னிக்கு எத்தினி இட்லி சாப்ட?" என்பார்கள். "முப்பது. நீயே எண்ணிக்கோ" என்று சிரிப்பாய். உன் சாவுக்கு வந்தவர்களில்கூட இரண்டு பேர் அந்தப் பேரைச் சொல்லித்தான் உன் வீட்டுக்கு வழி கேட்டார்கள். அன்றுதான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே அந்த வரலாற்றைத் திருத்தி எழுதிவிட்டேன். தூங்கியது நான், இருபத்தொம்போது நான். எனக்காக நாற்காலியை விட்டு எழுந்து நின்றவன் என் ஆயுசில் நீ ஒருவன்தான். வருகிற சீசனின் கடைசிப் பந்தயத்துக்கு உன் அட்டையோடு போவேன். உனக்குப் பதில் நான் ஒரு காரை எண்ணுவேன். பிரியாணி இரண்டு வாங்குவேன், ஒன்றை உன் பெயரைச் சொல்லி நானே சாப்பிடுவேன்.

கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்புமுன், ஆதாரமாக இருக்கட்டுமே என்று அந்த நகலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். என் கோணல் எழுத்தில் ஏழு கோடுகள். எல்லாவற்றுக்கும் நடுவே சரியாக இரண்டு நிமிஷம். அதற்கடுத்த உன் முதல் கோடும் சரியாக இரண்டு நிமிஷம் கழித்து விழுந்திருக்கிறது. இருபத்து மூன்றாம் கோட்டுக்கும் இருபத்து நான்காம் கோட்டுக்கும் நடுவில்தான் நான்கு நிமிஷம், ஒரு சுற்றைக் காணோம். இரண்டும் உன்னுடைய முத்து முத்தான எழுத்து. நடுவே, கார்பனையும் தாண்டி ஊறிய கட்டைவிரல் அளவு எண்ணெய்க் கறை. பஜ்ஜி.