விருந்தாளிக் கற்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் வலது கண்ணைத் தவிர இங்கே எல்லோரும் நலம். அந்தக் கண்ணும் ஆபரேஷனுக்குப் பிறகு தேறி வருகிறது, கட்டுதான் இன்னும் பிரிக்கவில்லை. அங்கே நீயும் உன் பத்துக் கைவிரல்களும் நலமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். இது அம்மா உனக்கு எழுதும் கடிதம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவதாகத்தான் உட்கார்ந்தோம். ஆனால் இன்றைக்கு அவள் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அடுத்ததற்குத் தாவுகிறாள், எழுந்து நடக்கிறாள், நாற்காலியில் இடித்துக்கொள்கிறாள், இடித்ததற்கு நாற்காலியைத் திட்டுகிறாள். கடைசியில், "நீயே எழுதுடி, நான் நடுநடுவுல சொல்றேன்" என்று விட்டுவிட்டாள். அதனால் சேதி அவளுடையது, எழுத்து என்னுடையது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லச் சொல்கிறாள். நீ கப்பல் ஏறிய கொஞ்ச நாளிலேயே உன் துறையிலிருந்து ஆள் வந்து, குளிர் அறையைக் காலி செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். முந்தைய பயணங்களில் பனிக்கடலின் அடியில் செங்குத்தாக இறக்கி, அடுக்குக் கலையாமல் சேற்றோடு நீ எடுத்து வந்த குழாய்கள் அத்தனையும் அந்த அறையில்தானே இருக்கின்றன. எந்த ஆய்வுத் திட்டத்திலும் சேராத குழாய்களுக்கு இனி இடம் இல்லையாம், வெளியே எடுத்துக் கொட்டிவிடுவார்களாம். பனிக்கட்டிக்கு நடுவில் நீ தவித்துப் போவாய் என்றுதான் உனக்குச் சொல்லவில்லை. அம்மாவும் சித்தப்பாவும் உட்கார்ந்து யோசித்து, உன் சேறு, சித்தப்பா ஆராயும் கடல் உயிர்கள், அம்மா பாடம் நடத்தும் பனிக்கடல் மாலுமிப் பாட்டு மூன்றையும் சேர்த்து ஒரே திட்டமாக எழுதிக் கொடுத்தார்கள். மூன்று துறைக்கும் பொதுவானது என்றதும் மூன்று துறையும் அழகாகக் கையை விரித்துவிட்டன. இலக்கியத்தில் கேட்டால் இது மண் சமாச்சாரம் என்றார்கள், மண்ணியலில் கேட்டால் பாட்டு சமாச்சாரம் என்றார்கள், கடலியலில், போன கதவையே திரும்பத் தட்டச் சொன்னார்கள். கடைசி வாய்ப்பாகப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழுவே நேரில் கூப்பிட்டுக் கேட்பதாகச் சொன்னது. அது இன்றைக்குத்தான் நடந்தது. நாங்கள் இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம், செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

வலது கண்ணில் கட்டு, இடது கண்ணில்தான் முன்பே பார்வை இல்லையே, அம்மாவால் எழுத்தைப் பார்க்க முடியாது. மனப்பாடமாகச் சொல்லலாம் என்று பார்த்தால் அவள் பாட்டைத் தொட்டதும் வழி மாறிப் போய்விடுவாள், அது உனக்கே தெரியும். சித்தப்பா அவருடைய பகுதியைத்தான் படிப்பேன், சேற்றைப் பற்றி ஒரு வரி தப்பாகப் படித்தால் நீ திரும்பி வந்து தோலை உரித்துவிடுவாய் என்றார். ஆக மொத்தம் நான்தான் படிக்க வேண்டும் என்று ஆயிற்று. வகுப்பில் எழுந்து பாடம் படிக்கச் சொன்னால் வாயே திறக்காது என்பதற்காகவே ஒன்பதாவதோடு நின்றவள் நான். முடியாது என்று அழுதேன் அக்கா. "தட்டச்சு பண்ணது நீதானே, ஒவ்வொரு எழுத்தும் உன் விரல் வழியாத்தான் போயிருக்கு, அதுக்கு வாயக் குடுக்கக் கூடாதா" என்றாள் அம்மா. அப்பா வேலைக்குக் கிளம்பும்போது, "நம்ம வாயில்லாப்பூச்சி பேசினா குழுவே அசந்து போயிடும், பேசாட்டியும் பாவமேன்னு குடுத்துடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

அந்த அறையில் நீள மேசை, மேசைக்குப் பின்னால் ஐந்து பேர், ஏசியிலிருந்து ஒழுகும் தண்ணீரைப் பிடிக்க மூலையில் ஒரு நீலப் பக்கெட். தலைவர் ஒரு வயதான அம்மா, பக்கத்தில் உங்கள் துறைத் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தாளையே பார்த்துப் படித்தேன். பனியாறு மலையைச் சுரண்டிக் கல்லை எடுத்துக்கொண்டு கடலுக்கு வருவது, உடைந்து மிதந்து போவது, உருகும்போது பிடியை விட்டுக் கல்லை அடிச்சேற்றில் போடுவது எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அதற்குப் பிறகு வந்தது வினை. தாளில் நீ எழுதிய 'உதிர்கல்' என்ற சொல்தான் இருந்தது. ஆனால் வீட்டில் நாம் அப்படியா சொல்கிறோம்? அழைக்காமல் வந்து உட்கார்ந்துகொண்டு நகரவே நகராது என்று சித்தப்பா வைத்த பெயர்தானே எல்லோர் வாயிலும். என் கண் உதிர்கல்லைப் பார்த்தது, வாய் இப்படிப் படித்தது: "விருந்தாளி விழுந்த வேகத்தில் அடியிலுள்ள சேறு குழிந்துவிடும். விருந்தாளி அதே இடத்தில் பல்லாயிரம் ஆண்டுகள் கிடப்பார். நாளடைவில் அவர் தலையில் கடற்பஞ்சு முளைக்கும்."

அந்தத் தலைவர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்கார், பஞ்சுதான் இன்னும் முளைக்கல" என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. எனக்குக் காது இரண்டும் சுட்டது, எழுத்து மங்கிவிட்டது, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அம்மா என் முழங்கையைத் தடவிப் பிடித்து, "சிரிக்கிறவங்க கேக்குறாங்கன்னு அர்த்தம், படி" என்று காதோடு சொன்னாள். எழுந்தேன். அதற்கப்புறம் உதிர்கல்லை ஒவ்வொரு தடவையும் எழுத்துக் கூட்டித்தான் படித்தேன், ஆனால் முடித்துவிட்டேன். கடைசி வரி வரைக்கும் முடித்துவிட்டேன் அக்கா.

உங்கள் துறைத் தலைவர் சிரிக்காத ஆள். "பாட்டுக்கும் சேத்துக்கும் என்னங்க சம்பந்தம்? கவிஞன் ஆயிரம் சொல்வான்" என்றார். அம்மா கட்டுப் போட்ட கண்ணோடு அவர் குரல் வந்த பக்கம் திரும்பினாள். 'கல் இறங்கிய சேற்றில் காடு ஏறும்' என்று பாட்டில் வருகிற வரிக்கு இதுவரை எல்லோரும் கல் என்றால் துக்கம், காடு என்றால் மறதி என்று பொருள் எழுதி வந்திருக்கிறார்கள், தானும் தன் மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்ததாக ஒப்புக்கொண்டாள், ஆனால் வலையில் சிக்கி மேலே வந்த கல்லைக் கையில் தூக்கிப் பார்த்தவன் பாடிய பாட்டாக இது ஏன் இருக்கக் கூடாது என்று கேட்டாள். அந்தச் சமயம் பார்த்துச் சித்தப்பா நீ போன வாரம் அனுப்பிய படத்தைத் திரையில் போட்டார். சுற்றிலும் வெறும் சேறு, நடுவில் ஒரே ஒரு கல், அதன்மேல் வெள்ளைக் கடற்பஞ்சு, சிவப்புப் பவளக் கிளைகள், பஞ்சைக் கட்டிக்கொண்டு ஒரு நட்சத்திர மீன். "சேத்துல வேர் புடிக்க முடியாத உயிருக்கெல்லாம் இந்தக் கல்லுதாங்க ஊர்" என்றார். உங்கள் துறைத் தலைவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். பார்த்துக்கொண்டே, "இந்த மாதிரிக் கல்லு அந்தக் குழாய்ங்கள்ல எத்தனை இருக்கும்?" என்று கேட்டார். குரலே மாறிவிட்டது.

திட்டத்துக்குச் சம்மதித்துவிட்டார்கள்! குழாய்களைக் கொட்டமாட்டார்கள். அம்மா இதை மூன்று தடவை எழுதச் சொல்கிறாள், நான் ஒரு தடவைதான் எழுதுவேன். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். நீ வருவதற்குள் குழாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஈரம் காயாமல் திரும்பச் சுற்றி, புதுச்சீட்டு ஒட்ட வேண்டும், துறையில் அதற்கு ஆள் இல்லை என்றார்கள். சித்தப்பா மறுபடியும் கடலுக்குப் போகிறார். அம்மா வாயைத் திறப்பதற்குள் "நான் பண்றேன்" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். தலைவர் அம்மா பேனாவை எடுத்துக்கொண்டு, நீங்கள் எந்தத் துறை மாணவி என்று கேட்டார். "மாணவி இல்லைங்க, தங்கச்சி" என்றேன். மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள், இந்தத் தடவை எனக்குச் சுடவில்லை. அவர் தாளில் அதையே எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மா சொல்வது: சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, தளத்தை விட்டுத் தனியாக வெளியே போகாதே, படம் எடுக்கிற ஆசையில் கையுறையைக் கழற்றாதே, நீயும் உன் கூட வேலை செய்கிற பிள்ளைகளும் நீண்ட ஆயுளோடு ஊர் திரும்ப வேண்டும். நான் கேட்பது ஒன்றே ஒன்று, மறக்காமல் பதில் போடு. குழாயின் மேல் போட்ட அம்புக்குறி அழிந்து போயிருந்தால் எந்த முனை கடல் பக்கம், எந்த முனை பூமி பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? யாரையும் கேட்காமல் தொடமாட்டேன். ஆனால் கேட்க வேண்டியவர்களிடம் கேட்பேன், வாய்விட்டே கேட்பேன்.

அம்மாவின் ஆசிகளுடன்,
உன் தங்கை

(கீழே கோணலாக என் பெயர்மேலேயே ஏறியிருப்பது அம்மாவின் கையெழுத்து. நானே போடுவேன் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.)