அத்தை பெயர் எழுதிய விளையாட்டுப் பெட்டி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். போனிலேயே பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வெயில், தண்ணீர் என்று ஏதாவது சொல்லி வைத்துவிடுவேன் என்று எனக்கே தெரியும், நேற்றும் அதைத்தான் செய்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மருத்துவர் சொன்ன பயிற்சியை நான் பார்க்கும்போது மட்டும் செய்கிறார். மாடி வீட்டுக் குழாய் கசிந்து நம் சமையலறைச் சுவரில் பெரிய ஈரத் திட்டு, கேட்டால் நாளைக்கு ஆள் வருவான் என்கிறார்கள், அந்த நாளை இன்னும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் இரவுப் பணி முடிந்து வந்ததும் ஜன்னலை மூடி இருட்டாக்கிக்கொண்டு தூங்கு, போனைத் தலைமாட்டில் வைக்காதே. இதையெல்லாம் முதலில் எழுதுவது சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடத்தான், உனக்குப் புரிந்திருக்கும்.

பரண் மேல் போர்வை சுற்றி வைத்திருந்த உன் பழைய கம்ப்யூட்டரை நான் உன்னைக் கேட்காமல் அலுவலகத்துக்குக் கொடுத்துவிட்டேன். அதில்தான் எல்லாம் ஆரம்பம். எங்கள் லிஃப்ட் கம்பெனியைப் பற்றி உனக்குத் தெரியும், ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிறோம், எங்கள் கட்டடத்தில் மட்டும் படிதான். அழைப்பு வராத நேரத்தில் மெக்கானிக்குகள் என் மேசையைச் சுற்றி நின்று வம்பளப்பதைப் பார்த்து மேலாளர், சும்மா நிக்கிறதுக்கு விளையாடவாவது செய்யலாமே என்று சொல்லப்போக, அந்தக் காலத்துக் கடைகளில் நின்றுகொண்டு விளையாடுவோமே, அந்த மாதிரி ஒரு வீடியோ கேம் பெட்டியை நாமே செய்தால் என்ன என்று கயிறு கேட்டார். கயிறு என்பது மூத்த மெக்கானிக்குக்கு மற்றவர்கள் வைத்த பெயர், லிஃப்ட் கயிறு மாற்றுவதில் கெட்டிக்காரர், ஆளும் அதே பருமன். பேச்சோடு போய்விடும் என்று நினைத்தேன், மறுநாளே கட்டக் காகிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, மேடம் கையெழுத்து அழகு, நீங்களே வரைங்க என்றார். எனக்கு வரைபடமா என்று கூச்சமாக இருந்தாலும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். வரைந்தேன். முதலில் ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியை அதே அளவில் வெட்டி நிறுத்தி, ஒவ்வொருவரும் முன்னால் நின்று கையை மடக்கி முழங்கை எந்த உயரத்தில் வருகிறது என்று பார்த்து, பட்டன் பலகை எவ்வளவு சாய வேண்டும், திரை எவ்வளவு பின்னால் போக வேண்டும் என்று குறித்துக்கொண்டோம். பிறகுதான் மரத்தில் கை வைத்தார்கள். கழற்றிப் போட்ட லிஃப்ட் ஒன்றின் உள்சுவர்ப் பலகைதான் பக்கங்கள். பட்டன் எல்லாம் லிஃப்ட் பட்டன்தான், தொட்டால் விளக்கு எரியும் பெரிய வட்ட பட்டன்கள், ஒவ்வொன்றின் கம்பியையும் பழைய கீபோர்டின் உள் தகட்டில் பற்றவைத்தார்கள். கதவு திறக்கிற பட்டனை அழுத்தினால் ஆட்டம் தொடங்கும். அபாய மணி பட்டனுக்கு ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் வருகிறவர்கள் எல்லாம் முதலில் அதைத்தான் அழுத்துகிறார்கள். உள்ளே வைக்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றபோது, எங்க வீட்ல ஒண்ணு சும்மா கிடக்கு, பொண்ணுக்கு இனி அது தேவைப்படாது என்று நானே சொன்னேன். உன்னிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது, கேட்டால் வேண்டாம் என்பாயோ என்றும் தோன்றியது, அதனால் கேட்கவில்லை.

பெட்டியில் பொருத்தி அதைப் போட்டதும் திரையில் வீடு என்ற பெயரில் ஒரு விளையாட்டு இருந்தது, பள்ளி நாட்களில் நீ செய்தது. கயிறு அதைத் திறந்தார். நான் என் மேசையில் புகார் ஒன்றைப் பதிந்துகொண்டிருந்தேன், முதலில் காதில் விழுந்தது ஒரு சத்தம். என் சாவிக்கொத்துச் சத்தம். கை தானாகப் பைக்குள் போய்ச் சாவியைத் தேடியது, சாவி அங்கேதான் இருந்தது. எழுந்து போய்ப் பார்த்தால் திரையில் நம் வீடு. ஜன்னலோரம் உன் படிப்பு மேசை, இரும்பு பீரோ, சமையலறை, பின்கதவு, எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களில். பள்ளிச் சீருடையில் ஒரு குட்டிப் பெண் அறை அறையாகக் கலர் பென்சில் பொறுக்குகிறாள். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்ட ஒரு பெண்மணி சாவி குலுங்க வருகிறாள், பிடித்துவிட்டால் வாய் முழுக்கத் திறந்து படிச்சியா என்று கத்துகிறாள், குட்டிப் பெண் மறுபடி மேசைக்குப் போய்விடுகிறாள். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். யாரு மேடம் இந்தம்மா, இப்படித் தொண்டை கிழியக் கத்துது என்று மேலாளர் கேட்டார். என் குரல் அந்த அலுவலகத்தில் பக்கத்து மேசைக்கே கேட்காது என்று உனக்குத் தெரியும், நானாக இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், அதைத் தவிர அந்த இடத்தில் என்னிடம் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை, படித்த மேடம் என்று வைத்திருக்கும் மரியாதை அந்த நிமிடமே கீழே விழுந்துவிடும் என்று பயந்துபோய், அது என் பொண்ணோட அத்தை என்று சொல்லிவிட்டேன். சொல்லிக்கொண்டே தலைமேல் இருந்த கண்ணாடியை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டேன்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை மகளே. பெட்டியின் உச்சியில் விளக்கு எரியும் பிளாஸ்டிக் பலகை வைத்தார்கள், அதில் ஒரு பெயர் வேண்டும் என்றார்கள், அத்தை வர்றாங்க என்று போடலாம் என்று யாரோ சொல்ல, மேடமே எழுதட்டும் என்று தூரிகையை என் கையில் கொடுத்தார்கள். நான் எழுதினேன். சிவப்பு எழுத்து, மஞ்சள் நிழல் கொடுத்து, நன்றாக வந்திருக்கிறது என்று தள்ளி நின்று பார்க்கவும் செய்தேன். அன்றிலிருந்து அலுவலகம் முழுக்க அத்தை பேச்சுதான். யாராவது தாமதமாக வந்தால் அத்தை பிடிச்சிட்டாங்களா என்பார்கள். கடைசி வரை விளையாடியவர்களுக்கு ஒரு குறை, குட்டிப் பெண் தெருவைத் தாண்டி ஒரு நீலக் கதவுக்குப் போகிறாள், அந்தக் கதவு மட்டும் யார் என்ன செய்தாலும் திறக்கவில்லை. நம்மகிட்டயே கதவு திறக்கலைன்னா வெளிய சொன்னா வெட்கக்கேடு என்று கயிறு சாப்பாட்டு நேரம் முழுக்க அங்கேயே நின்றார், என்னிடம் வந்து இதையும் புகார்ல ஏத்துங்க மேடம் என்றார்.

மெக்கானிக்குகளின் சீருடை தைப்பது உன் அத்தைதான் என்பதை நான் மறக்கவில்லை, அவள் வருவதற்குள் பலகையை எப்படியாவது மாற்றிவிடலாம் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். போன வாரம் அவள் சொல்லாமல் வந்துவிட்டாள், கழுத்தில் அளவு நாடாவோடு. யாரோ மேடத்தோட நாத்தனார் என்று சொன்னதும் அத்தனை பேரும் சூழ்ந்துகொண்டு, வாங்க அத்தை, உங்களாலதான் எங்களுக்குப் பொழுது போகுது என்று பெட்டி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவள் பலகையைப் படித்தாள். திரையில் ஓடுகிற பெண்மணியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. பிறகு சிரித்துக்கொண்டே, ஆமா, நான்தான், அந்தக் கழுதையை நான் துரத்தாம வேற யாரு துரத்துவா என்றாள். கயிறு கதவு விஷயத்தைச் சொன்னதும் அவள், இதுக்கா இவ்வளவு பாடு, தட்டுனாத்தானே திறக்கும் என்று பட்டனை இரண்டு முறை தட்டி, கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு முறை தட்டினாள். கதவு திறந்தது. உள்ளே தையல் மிஷினும் அதன் பின்னால் கழுத்தில் அளவு நாடாவோடு ஒருத்தியும். திரை முழுக்க எழுத்து வந்தது: உள்ள வா, அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்.

இந்த ஆட்டத்தை நீ அவளுக்கு அப்போதே காட்டியிருக்கிறாய் போல, தட்டும் விதம் அவள் நினைவில் இருந்திருக்கிறது, உள்ளே என்ன எழுதியிருந்தாய் என்பது மறந்துபோயிருக்கிறது. அவள் முகம் போன போக்கைப் பார்த்தாலே தெரிந்தது. எல்லாரும் திரையைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், கடைசியில் என் பக்கம் திரும்பினார்கள். அது நான்தான் என்றேன். கயிறு காதில் கை வைத்து, கேக்கலை மேடம், கேம்ல சொல்ற மாதிரி சொல்லுங்க என்றார். மறுபடி சத்தமாகச் சொன்னேன். சிரித்தார்கள், கெட்ட சிரிப்பு இல்லை, அதற்குள் உன் அத்தை அளவு எடுக்காமலே படியிறங்கிவிட்டாள். ஓடிப்போய் நடுப்படியில் பிடித்தேன். என்னைச் சொன்னதுக்குக் கோவம் இல்ல அண்ணி, வாய் தவறும், யாருக்கும் நடக்கும் என்றாள், அந்த போர்டு உங்க கையெழுத்து, உட்கார்ந்து நிழலெல்லாம் குடுத்து எழுதியிருக்கீங்க, அதான் என்று நிறுத்திவிட்டாள். அப்புறம் ஏன் நீதான்னு சொன்னே என்று கேட்டேன். அத்தனை பேர் முன்னாடி உங்களை விட்டுக்குடுக்க எனக்கு வரலை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னாள், குடிக்கக் கொடுத்தாள், அப்பாவின் முழங்காலை விசாரித்தாள், மிஷினை மட்டும் நிறுத்தவில்லை. நான் மன்னிப்பு கேட்டது அந்தச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதா, கேட்டும் தைத்தாளா தெரியாது. நூலகத்துக்குப் போகிறேன் என்று நீ சொல்லிவிட்டுப் போன சாயங்காலங்கள் எல்லாம் அங்கேதான் போயின என்று இப்போது தெரிகிறது, அதில் எனக்கு ஒரு துளி கோபம் இல்லை. கோபப்படுகிற நிலையில் நான் இல்லை. நீ ஒளிய ஓர் இடம் கொடுத்து அதை இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் காப்பாற்றியவளை நான் ஊர் சிரிக்க வைத்திருக்கிறேன்.

பலகையைக் கழற்றி, அதே அளவில், அதே சிவப்பில், அம்மா வர்றாங்க என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் பெட்டியை அணைத்தே வைத்திருக்கிறேன். உள்ளே இருக்கும் ஆட்டம் நீ செய்தது, உனக்காகச் செய்தது, அங்கே இருக்கலாமா, திரும்பக் கொண்டுவந்துவிடவா என்பதை நீதான் சொல்ல வேண்டும். கொண்டுவா என்று சொன்னால் ஒரு கேள்வி கேட்காமல் தூக்கி வருவேன், மெக்கானிக்குகள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். இதை அத்தை வாயாலோ வேறு யார் வாயாலோ நீ கேட்கும் முன் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் கைராசியில் நோயாளிகள் நலமாகட்டும், நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும், எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. இதைப் படித்து முடித்ததும் முதலில் அத்தைக்குப் போன் போடு, என்னிடம் அப்புறம் பேசலாம். எனக்காகச் சமாதானம் ஒன்றும் சொல்லாதே, அது என் வேலை, மறுபடி போவேன், மிஷின் நிற்கும் வரை உட்கார்ந்திருப்பேன். நீ உன் பேச்சைப் பேசு.

உன் பதிலுக்குத் தலைகுனிந்து காத்திருக்கும்,
அம்மா